தில்லையைத் தொட்ட கை

பினாங்கில் எங்கள் வட்டாரப் பூங்காவில் நாற்பது மரங்களுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைக்க ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் முன்பே உண்டு. தமிழுக்காக வருடக்கணக்கில் நச்சரித்தவள் நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பூங்காவில் பார்வையாளர் குழுக்களை அழைத்துக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. "சரி சரஸ்வதி, பட்டியலைக் கொடு" என்று நிர்வாகி சொன்ன அன்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பதினொன்றோடு பேனா நின்றுவிட்டது.

மீதிப் பெயர்களைத் தேடித்தான் கடலூருக்கு வந்தேன். கைப்பேசியில் தேடியிருக்கலாமே என்பீர்கள். தேடினேன். ஒரே மரத்துக்கு நாலு பெயர் வந்தது. நாலு மரத்துக்கு ஒரே பெயர் வந்தது. மரத்தடியில் நின்று, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகிற சாலையில் ஒரு பொது மரத்தோட்டம் இருப்பதாகவும், காலை வேளையில் குழுவாக அழைத்துப்போய்க் காட்டுவதாகவும் தோழி ஒருத்தி சொன்னாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவள் உறவினர் வீட்டு மாடியும் காலியாக இருந்தது.

முதல் நாள் காலையில் கோயில் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் டீ, காப்பி, பழச்சாறு எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தண்ணி என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில், "அண்ணே, ஒரு தண்ணி போடணும்" என்றேன்.

கடைக்காரர் கையிலிருந்த டபராவைக் கீழே வைத்தார். "காலங்காத்தாலயாம்மா?"

பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கே அந்தச் சொல்லுக்குச் சாராயம் என்றும் பொருள் உண்டு என்று தெரிந்துகொள்வதற்குள் கடையில் இருந்த ஐந்து பேரும் சிரித்து முடித்திருந்தார்கள். பெயர் தேடி வந்தவளுக்கு முதல் பாடம் அங்கேயே கிடைத்தது. அதை நான் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன்.

மறுநாள் சிதம்பரம் பேருந்து. ஓட்டுநருக்கு ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை ஹாரனில். பினாங்கில் ஒரு வருடம் முழுக்கக் கேட்கிற ஹாரன் சத்தத்தை முட்லூர் வருவதற்குள் கேட்டு முடித்துவிட்டேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது காற்றில் உப்பு வாசனை அடித்தது. ஊர் வந்துவிட்டது என்று நினைத்துப் பையை எடுத்தேன். வண்டி புறவழிச்சாலையில் நின்றது. நடத்துநர் என்னைத்தான் பார்த்தார்.

"சிதம்பரம் கேட்ட அம்மா, எறங்கும்மா."

"ஊர் எங்கே?"

"வண்டி டவுனுக்குள்ள போவாதும்மா. ஆட்டோ புடிச்சிப் போயிடு."

வெயிலில், நாலுவழிச் சாலையின் ஓரத்தில், சக்கரம் வைத்த பையோடு நின்றேன். எதிரே ஆட்டோவில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட லுங்கி. நான் மரத்தோட்டத்துக்கு வழி கேட்டதும், என் பேச்சைக் கேட்டுக் கண்ணை இடுக்கினார்.

"மலேசியாங்களா?"

"எப்படித் தெரியும்?"

"நான் பரங்கிப்பேட்டம்மா. பேரு பஷீரு. பதினெட்டு வருஷம் கோலாலம்பூர்ல நாசி கண்டார் சோத்துக் கடையில மாஸ்டரு. ஏறுங்க, மக்கான் ஆச்சா?"

சாப்பிட்டாயா என்று ஒருவர் இந்த மண்ணில் நின்று மலாயில் கேட்டது எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட வைத்துத்தான் கூட்டிப்போனார். புளிப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் கொத்சுக்காகவே சிதம்பரத்துக்கு இன்னொரு தடவை வரலாம்.

தோட்டத்து வாசலில் பதினான்கு பேர் காத்திருந்தோம். நான் சக வழிகாட்டியின் கண்ணோடு பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் கழுத்தில் தொங்கும் ஒலிபெருக்கி உண்டு, கையில் மஞ்சள் குடை உண்டு, அச்சடித்த வரைபடம் உண்டு. இங்கே வந்து நின்ற பெண்ணிடம் ஒரு பழைய மீன்வலைத் துண்டில் தைத்த பை மட்டும் இருந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மெல்லிய குரல்.

"எம் பேரு கலையரசி. பக்கத்துல மீனவர் குப்பம்தான் எங்க ஊரு. ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். எந்த இலையையும் பூவையும் பறிக்காதீங்க. கீழ கெடக்கறத எடுக்கலாம், அதுவும் என்னயக் கேட்டுட்டு எடுங்க."

தலையாட்டினேன். நானே ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற வாக்கியம் அது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் என் மேதாவித்தனம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. கலையரசி மரத்தைப் பற்றிப் பேசவில்லை. மரத்திடம் எங்களைக் கொண்டுபோய் விட்டாள். கழியோரத்தில் வளர்கிற வெண்கண்டல் மரத்தின் இலை ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து, அடிப்பக்கத்தை நாக்கில் வைக்கச் சொன்னாள். கடல்! உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் இலை வழியே வெளியே தள்ளுகிறதாம். இலுப்பை மரத்தடியில், திட்டக்குடியிலிருந்து மனைவியோடு வந்திருந்த விவசாயி ஒருவர் குறுக்கிட்டார்.

"ஏம்மா, இத மாதிரி ரெண்டு எங்க கொல்லையில நின்னுது. பத்து வருஷம் முன்ன வெட்டி வெறகாக்கிட்டேன்."

"பேரு தெரியுமாய்யா அப்ப?"

"தெரியும். தெரிஞ்சிதான் வெட்டனேன்."

அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் இலுப்பையின் பட்டையில் உள்ளங்கையை வைத்தபடி, குழு நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து ஓர் அடர்ந்த மரம். அடியில் மண் தெரியாதபடி குட்டிக் குட்டியாக வெளிறிய பூக்கள். ஒன்றை முகர்ந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற மரம். ஐம்பது வருடமாக 'தஞ்சோங்' என்று நான் கூப்பிடும் மரம்.

"மகிழம்" என்றாள் கலையரசி.

மகிழம்பூ என்ற சொல் எனக்குத் தெரியும். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது எங்கோ தமிழ்நாட்டில் இருக்கிற பூ என்று நினைத்திருந்தேன். அம்மா அந்த மரத்தடியில்தான் தினமும் துணி காயப்போடுவாள். அவளுக்கும் தெரியவில்லை.

குறிப்பேட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். மரத்தின் வடிவம், இலை, பூ என்று எழுதிக்கொண்டே போனேன். குழு முன்னால் நகர்ந்து இன்னொரு மரத்தைச் சுற்றி நின்றது. கலையரசி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எழுந்து அந்த மரத்தின் பின்பக்கமாக நான் போய்ச் சேர்ந்தபோது, பச்சை இலைகளுக்கு நடுவே ஓர் இலை ரத்தச் சிவப்பில் தொங்கியது. இவ்வளவு அழகான சிவப்பை நான் இலையில் பார்த்ததில்லை. குறிப்பேட்டுக்குள் வைக்க ஒன்றே ஒன்று, மகிழத்தைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு எதிரில். சின்னக் கிளையோடு ஒடித்தேன். பால் வடிந்தது. இலையைப் புத்தகத்தில் வைத்து மூடினேன். வெயில். நெற்றியில் வேர்வை. புறங்கையால் நெற்றியையும், பிறகு விரலால் இரண்டு கண்களையும் துடைத்தேன்.

முதலில் வெங்காயம் நறுக்கியதுபோல் இருந்தது. மறு நிமிடம் யாரோ கண்ணுக்குள் மிளகாயை அரைத்து வைத்ததுபோல் எரிந்தது. அலறினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது கலையரசியின் குரல் மட்டும்தான். அந்த மெல்லிய குரல் இவ்வளவு உரக்க வரும் என்று நினைக்கவில்லை.

"கண்ணக் கசக்காதீங்க! கையப் புடிங்க, யாராச்சும் அவுங்க ரெண்டு கையையும் புடிங்க!"

திட்டக்குடிக்காரர் என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டார். உழுத கை, அசைக்க முடியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயடியில் என்னைப் படுக்கவைத்து, கலையரசி என் இமைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீர் விட்டாள். விட்டுக்கொண்டே இருந்தாள். போதும் போதும் என்று கத்தினேன். "இன்னும் பத்து நிமிசம், எனக்காக" என்றாள். தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

கண்ணைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு மூட்டம். அவ்வளவுதான்.

பஷீர் பாய் வாசலில்தான் காத்திருந்தார். ஆட்டோவில் கலையரசியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன்.

"என்ன மரம் அது?" என்றேன்.

"தில்லைம்மா. இந்த ஊருக்கே பேரு குடுத்த மரம். ஊருக்குள்ள இப்ப கெடையாது. உப்பங்கழி ஓரத்துல காடா நிக்குது. தோட்டத்துல அது ஒன்னுதான்."

முன்னாலிருந்து பஷீர் பாய், வண்டியை ஒடித்துத் திருப்பியபடியே சொன்னார்: "தில்லைப் பாலா? யா அல்லா! அங்க கிள்ளான் ஆத்தோரத்துல கூட நிக்குமேம்மா. என்னமோ சொல்லுவானுங்களே... பூத்தா பூத்தா!"

எரிச்சலெல்லாம் ஒரு கணம் நின்றுபோனது. மலாயில் பூத்தா என்றால் குருடு. எங்கள் பூங்காவிலும் அந்த மரம் இருக்கிறது, குளத்துக்குப் பின்னால், இரும்பு வேலிக்குள். பள்ளிப் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, "பெயரைச் சொல்லுங்கள், பூத்தா பூத்தா! தொட்டால் என்ன ஆகும்?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். வேலியும் பலகையும் இல்லாத இடத்தில், வெட்டவெளியில், சிவந்த இலையோடு பார்த்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. ஒரு மொழியில் அந்த மரம் தன் பெயரிலேயே எச்சரிக்கையை வைத்திருந்தது. அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவளே போய் அதை ஒடித்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "ஒடனே கழுவினதால தப்பிச்சீங்க. மூணு நாள் கட்டு இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' அவருக்கு மட்டுமா, எனக்குமா என்று தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் மருந்து விட்டுப் பஞ்சு வைத்துக் கட்டினார்கள்.

கடலூருக்குத் தனியாக எப்படித் திரும்புவது? கலையரசி கேட்கவே இல்லை. "எங்க வூட்டுக்குப் போங்க, பாய்" என்றாள்.

அவள் வீட்டை நான் காதால்தான் பார்த்தேன். இடது பக்கம் கடல். வலது பக்கம் வலை உதறும் சத்தம். யாரோ மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு டீசல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலையரசியின் அம்மா செல்லம்மாள் என்னை உட்கார வைத்து, கொடுவா மீனை முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து உருண்டையாகக் கையில் வைத்தார்.

"காரம் ஜாஸ்தியாம்மா?"

"இல்லக்கா. முள்ளுக்குத்தான் பயம்."

"ஒரு முள்ளு இருக்காது. நான் பாத்துட்டேன்."

ஒரு முள்கூட இருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், முகம் தெரியாத ஒருத்தி பிசைந்து தரத்தர, மூன்று வேளையும் அப்படிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தோட்டத்து அதிகாரி. நயமான குரல், கவலையான குரல். நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு மேல கேப்பாங்கம்மா. அந்த மரத்த எடுத்துடலாம்னு இருக்கேன். கலையரசியும் எழுதிக் குடுத்துட்டாங்க, எச்சரிக்கை சரியா குடுக்கலன்னு. அவுங்க வேல ஒப்பந்த வேல. அடுத்த மாசம் புதுப்பிக்கணும். இந்தக் காயிதம் இருந்தா கஷ்டம்தான்."

நான் கலையரசி இருந்த பக்கமாகத் திரும்பினேன். "அப்படியா எழுதினே? வாசல்லயே சொன்னியே. மரத்துக்கிட்டயும் சொல்லிட்டு இருந்தே."

"முன்னாடி நின்னவங்களுக்குச் சொன்னேன்" என்றாள். "கடைசியில நீங்க வரலன்னு எண்ணிப் பாக்காம ஆரம்பிச்சிட்டேன். அது எந் தப்புதாம்மா."

அடுப்படியில் செல்லம்மாளின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அந்தக் குப்பத்தில் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிற முதல் பெண் கலையரசி என்று காலையில்தான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் குழுக்களை அழைத்துப் போகிறவள்தான். எத்தனையோ ஞாயிறுகளில் தலை எண்ணாமல் பேசத் தொடங்கியிருக்கிறேன். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் அது தப்பு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"சார், பேனா இருக்கா?" என்றேன். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

காகிதம் விரிகிற ஓசை கேட்டது.

"இலை பறிக்கக் கூடாது என்று வழிகாட்டி வாசலிலேயே சொன்னார். எனக்குக் கேட்டது. புரிந்தது. நானும் வழிகாட்டிதான். இருந்தும் குழுவை விட்டு விலகி, அவருக்குத் தெரியாமல், ஆசைப்பட்டு ஒடித்தேன். மரத்தின் மேலும் தப்பு இல்லை, அந்தப் பெண்ணின் மேலும் தப்பு இல்லை. அவர் என் கண்ணைக் கழுவியிருக்காவிட்டால் பார்வை போயிருக்கும்; அந்தக் கோபத்தில் இன்று இதைச் சொல்ல எனக்கு மனம் இருந்திருக்காது. எழுதிட்டீங்களா?"

"கடைசி வரியும் வேணுமாம்மா?"

"அதுதான் சார் முக்கியம்."

விரலைப் பிடித்து இடம் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"கோணலாப் போயிடுச்சும்மா" என்றார்.

"போகட்டும் சார். படிச்சிட்டு முடிவெடுங்க."

காகிதத்தை மடிக்கிற ஓசை கேட்டது, பைக் கிளம்பிப் போனது.

அதற்கடுத்த நாள் காலை கலையரசி என் கையைப் பிடித்தாள். "குழு வருது. சும்மா வூட்ல இருந்து என்ன பண்ணப் போறீங்க? வாங்க."

கட்டிய கண்ணோடு அதே தோட்டத்துக்குள் போனேன். பயந்தேன் என்பது உண்மை. ஆனால் பத்து அடி நடந்ததும் பயம் வேறு ஏதோவாக மாறியது. ஒவ்வொரு மரத்துக்கும் தனி நிழல் இருந்தது. முகத்தில் விழும் குளிர்ச்சி மரத்துக்கு மரம் வேறுபட்டது. வாகையின் கீழே நின்றபோது காய்ந்த நெற்றுகள் தலைக்கு மேல் சலசலவென்று மழைபோல் கொட்டின, ஒரு துளியும் விழவில்லை. மருதத்தின் தண்டு என் உள்ளங்கையில் வழவழவென்று, வெயிலிலும் குளிர்ந்து இருந்தது. புன்னையின் இலை விறைப்பாக, தோல்போல. மகிழத்துக்கு இருபது அடி முன்பே நான் நின்றுவிட்டேன். "வந்துட்டோம்" என்றேன். கலையரசி என் தோளை அழுத்தினாள்.

என் குறிப்பேடு அவள் கையில் இருந்தது. நான் தொட்டுச் சொல்ல, அவள் பெயரை எழுதினாள்.

ஓரிடத்தில் அவள் குழுவிடம், "எல்லாரும் ஒரு நிமிசம் இந்த அம்மா மாதிரி கண்ண மூடிக்குங்க" என்றாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு மெதுவாக அந்த ஓசை கேட்க ஆரம்பித்தது. ஆயிரம் தேனீக்கள். தலைக்கு மேலே, பக்கவாட்டில், நெஞ்சுக்குள்ளேயே இரைவதுபோல. கூடவே தேன் வாசனை.

"எது இது?" என்று கிசுகிசுத்தேன்.

"தில்லை" என்றாள் என் காதருகே. "பூத்திருக்கு."

இரண்டு நாள் முன்பு இதே மரத்தடியில் நின்றவள் நான். ஒரு தேனீயின் சத்தம்கூட அன்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். முதலில் மூட்டம். டாக்டர் அம்மா காட்டிய அட்டையில் கறுப்புக் கறுப்பாக ஏதோ நின்றது. கண்ணை மூடித் திறந்தேன். மெல்ல மெல்ல அவை எழுத்தாயின. ப, ட, ம, ர என்று படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். கூட வந்திருந்த பஷீர் பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலையரசியின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முதல் நாள் நான் அவள் பையைத்தான் பார்த்திருக்கிறேன்.

நேராகத் தோட்டத்துக்குப் போனோம். அன்றைக்குக் குழுவில் இருபது பேருக்கு மேல். நடக்கத் தொடங்குமுன் கலையரசி விரல் நீட்டித் தலைகளை எண்ணினாள். தில்லையைச் சுற்றி இடுப்பளவுக்குப் புதிய மூங்கில் வேலி. மரம் அப்படியே நின்றது. நான் ஒடித்த இடத்தில் பழுப்பாக ஒரு தழும்பு. அதிகாரி வேலிக்கு அந்தாண்ட நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கலையரசியின் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க எழுதிவிட்டதாக அவள்தான் பிறகு சொன்னாள்.

கலையரசி மரத்தின் பெயரைச் சொன்னாள், பாலைப் பற்றிச் சொன்னாள். கூட்டத்தில் குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் கேட்டார்: "இவ்ளோ ஆபத்தான மரத்த எதுக்கு மேடம் இங்க வச்சிருக்கீங்க?"

கலையரசி என்னைப் பார்த்தாள். நகர்ந்து, தான் நின்ற இடத்தை எனக்கு விட்டாள்.

எத்தனையோ ஞாயிறுகளில் எத்தனையோ மரங்களின் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்கு வேலியோரமாகப் போய் நின்று, இன்னும் சிவப்பு மாறாத என் கண்களைக் காட்டினேன்.

"இதைத் தொட்டது நான்தாங்க" என்றேன். "மரம் என்கிட்ட வரல. நான்தான் போனேன்."

எல்லாரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, தோளில் இருந்த குழந்தை உட்பட, தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.